பழைய படகின் ஜெனரேட்டர்: ரிப்பேர் செய்வதா, மாற்றுவதா, கழற்றியே விடுவதா?

பழைய படகு வாங்கியவர்களும், சொந்தப் படகைச் சில வருடம் கட்டிப்போட்டுவிட்டு மறுபடி எடுப்பவர்களும் கடைசியில் இந்தக் கேள்விக்குத்தான் வந்து நிற்கிறார்கள். மெயின் இன்ஜின் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, ஆனால் இன்ஜின் அறையின் மூலையில் ஒரு பெட்டிக்குள் டீசல் ஜெனரேட்டர் ஒன்று யாரும் தொடாமல் கிடக்கிறது. மீட்டரைப் பார்த்தால் சில நூறு மணி நேரம்தான் ஓடியிருக்கிறது. உடனே மனசு "இவ்வளவு கம்மியா ஓடியிருக்கே, கொஞ்சம் பார்த்தா எழுந்துடும்" என்று சொல்லும்.

அந்த மீட்டரை நம்பாதீர்கள். ஒழுங்காகப் பராமரித்த சின்ன டீசல் ஜெனரேட்டர் பல ஆயிரம் மணி நேரம் ஓடும். படகில் இருப்பவை தேய்ந்து போவதைவிட நின்று நின்று கெடுவதுதான் அதிகம். அதனால் முடிவெடுக்கும்போது இயந்திரத்தின் நிலையோடு இன்னொன்றையும் பார்த்தாக வேண்டும்: சரிசெய்த பிறகு இதை அடிக்கடி, போதுமான லோடு கொடுத்து ஓட்டப் போகிறோமா? ஓட்டப் போவதில்லை என்றால் எவ்வளவு நன்றாக ரிப்பேர் செய்தாலும், புதிதே வாங்கி வைத்தாலும், சில வருடத்தில் அதே மூலையில் அதே நிலையில்தான் கிடக்கும்.

முதலில் அது எப்படிக் கெடுகிறது என்று பார்க்கலாம், ஏனென்றால் எந்த வழி சரி என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. படகு ஜெனரேட்டரின் புகைக்குழாயில் கடல்நீரைக் கலந்து குளிர்வித்துத்தான் வெளியே விடுகிறார்கள். தண்ணீர் கலக்கும் இடம் எக்ஸாஸ்ட் எல்போ. அதற்குக் கீழே வாட்டர்லாக் என்ற தொட்டி. ஜெனரேட்டர் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், நிறுத்திய பிறகும் கடல்நீர் தானாக உறிஞ்சப்பட்டு உள்ளே வராமல் தடுக்க, மேலே உயரத்தில் ஒரு சைஃபன் வால்வு இருக்கும். சின்ன பொருள்தான். அது உப்புப் படிந்து அடைத்துக்கொண்டால் கடல்நீர் மெதுவாக உள்ளே வந்து, வாட்டர்லாக்கை நிரப்பி, எல்போ வழியாகப் பின்னோக்கி ஏறி, திறந்திருக்கும் எக்ஸாஸ்ட் வால்வு வழியே சிலிண்டருக்குள் போய்விடும். ஸ்டார்ட் ஆகாத ஜெனரேட்டரை விடாமல் கிராங்க் செய்தாலும் இதேதான் நடக்கும். பம்ப் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும், அதை வெளியே அடிக்கப் புகையின் அழுத்தம் இருக்காது. எல்போவின் உள்சுவர் அரித்து ஓட்டை விழுந்தாலும் அப்படித்தான். எந்த வழியில் வந்தாலும் சரி, சிலிண்டருக்குள் உப்புத் தண்ணீர் சில வாரம் நின்றால் ரிங்கும் சுவரும் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும்.

அதனால் முதல் சோதனைக்கு ஸ்டார்ட்டர் பட்டனைத் தொடவே வேண்டாம். ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள், பால் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர். பிறகு இன்ஜெக்டர்களையோ குளோ பிளக்குகளையோ கழற்றிவிட்டு, கிராங்க் புல்லியின் நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றுங்கள். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் சுற்றினால் பாதிக்கு மேல் நம்பிக்கை வைக்கலாம். சுற்றவில்லை என்றால் நீளக் குழாய் மாட்டி முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள். துளை வழியாகத் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி, சில நாள் ஊறவிட்டு, முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். போனில் மாட்டும் சின்ன கேமராவை இன்ஜெக்டர் துளையில் விடலாம் என்று பலர் சொல்வார்கள், ஆனால் பழைய சின்ன டீசல்கள் பலவற்றில் இன்ஜெக்டர் நேராகச் சிலிண்டருக்குள் திறப்பதில்லை, பக்கத்திலுள்ள முன்னறைக்குள்தான் திறக்கிறது. கேமராவில் சிலிண்டர் சுவர் தெரியாது. அப்படிப்பட்ட இன்ஜினில் எல்போவைக் கழற்றி, எக்ஸாஸ்ட் வழிகளைப் பார்ப்பதுதான் பயன் தரும். அங்கே செந்துருவும் உப்புப் பொருக்கும் இருந்தால் தண்ணீர் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்பது புரிந்துவிடும்.

சுற்றுகிறதென்றால் காம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பாருங்கள். சின்ன டீசல்களில் பெரும்பாலும் 25 முதல் 30 பார் அளவில் இருக்கும், ஆனால் உங்கள் இன்ஜின் மேனுவல் என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு. மொத்த எண்ணைவிட சிலிண்டருக்குச் சிலிண்டர் எவ்வளவு வித்தியாசம் என்பதை நான் முக்கியமாகப் பார்ப்பேன். எல்லாமே கொஞ்சம் குறைவாக இருந்தால் ரிங் ஒட்டியிருக்கலாம், ஓட ஓடச் சரியாகவும் வாய்ப்புண்டு. ஒன்று மட்டும் படுத்துக் கிடந்தால் அது தானாக எழாது.

மின்சாரப் பகுதியை யாரும் சீக்கிரம் பார்ப்பதில்லை, இன்ஜின் ஓடினால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். இது தவறான வரிசை. இன்ஜினில் ரிப்பேர் வேலை தொடங்குவதற்கு முன்பே, மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் வைண்டிங்கை (கம்பிச்சுருளை) 500 வோல்ட் மெக்கரால், அதாவது இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டரால் பாருங்கள், வோல்ட்டைச் சீராக வைக்கும் ஏவிஆரையும் டயோடுகளையும் பிரித்துவிட்டு. 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் பயப்பட வேண்டியதில்லை, பல வருட ஈரம் அப்படித்தான் காட்டும். வெதுவெதுப்பான காற்றைச் சில நாள் செலுத்தி உலர்த்திவிட்டு மறுபடி அளக்க வேண்டும். எண் ஏறிக்கொண்டே வந்தால் ஈரம் மட்டும்தான். ஏறவே இல்லையென்றால் ரிவைண்டிங். அது வந்துவிட்டால் ரிப்பேர் என்ற வழியின் கணக்கே மாறிவிடும். இன்னொன்று, இன்ஜின் சரியான வேகத்தில் ஓடியும் சில வோல்ட் மட்டுமே வருகிறதென்றால் ஆல்டர்னேட்டர் எரிந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். நீண்ட நாள் நின்றதில் இரும்பிலிருந்த மிச்சக் காந்தம் போயிருக்கலாம். மேனுவல் சொல்லும் இடத்தில் 12 வோல்ட் பேட்டரியைக் கண நேரம் தொட்டுக் கொடுத்தால் பல மாடல்களில் எழுந்துகொள்ளும். எந்த மாடலுக்கு இது பொருந்தும் என்று பார்க்காமல் மட்டும் செய்யாதீர்கள்.

சரி, இந்தச் சோதனைகள் முடிந்தால் உங்கள் ஜெனரேட்டர் எந்த வகை என்று தெரிந்திருக்கும். இனி வழிகளைப் பார்ப்போம்.

முதல் வழி, இருப்பதை எழுப்புவது. கையால் சுற்றுகிறது, காம்ப்ரஷன் இருக்கிறது, வைண்டிங் உலர்ந்தது என்றால் என் ஓட்டு தயங்காமல் இதற்குத்தான். பழைய 1500 அல்லது 1800 ஆர்பிஎம் இயந்திரங்கள் கனமானவை, மெதுவாகச் சுற்றுபவை, எளிமையானவை. அவற்றின் தரத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். செய்ய வேண்டியதெல்லாம் கடல்நீர்ப் பக்கத்திலும் டீசல் பக்கத்திலும்தான் இருக்கும். கடல்நீர் பம்புக்குள் சுழலும் ரப்பர் இம்பெல்லரை மாற்ற வேண்டும், அதோடு பழையதில் எத்தனை இதழ் உடைந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்து அத்தனை துண்டுகளையும் கடல்நீரால் கூலன்ட்டைக் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயிலிருந்து தேடி எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்ட ஒரு துண்டு பிறகு சூடேறும் பிரச்சினையாக வந்து நிற்கும், அப்போது எல்லோரும் தெர்மோஸ்டாட்டைத்தான் சந்தேகப்படுவார்கள். எக்ஸ்சேஞ்சரைச் சுண்ணாம்புப் படிவு நீக்கும் திரவத்தில் ஊறவைத்துக் கழுவி, பிரஷர் போட்டுக் கசிவு பார்த்து, அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ளும் ஸிங்க் துண்டைப் புதிதாக மாட்டுங்கள். சைஃபன் வால்வு, எல்லா ஹோஸ், பெல்ட், ஆயில், கூலன்ட், ஃபில்டர் அனைத்தும் புதிது. டீசல் ஹோஸ் மட்டும் கடையில் கிடைப்பதைப் போடாமல், தீயைத் தாங்கும் ஐஎஸ்ஓ 7840 முத்திரை உள்ளதைப் போடுங்கள். எல்போவைக் கட்டாயம் கழற்றி உள்ளே பாருங்கள், வெளியே பெயிண்ட் பளபளவென்று இருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தமே கிடையாது.

தொட்டியில் கிடக்கும் பழைய டீசலின் அடியில் தண்ணீர் இருக்கும், தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் கிருமி வளர்ந்து கரிய சளி போலப் படிந்திருக்கும். அதைக் கொண்டு புதிதாகச் சுத்தம் செய்த இன்ஜெக்டர்களை ஓட்டுவது வேலையை வீணாக்குவதுதான். முதல் ஓட்டத்துக்கு ஒரு சுத்தமான கேனிலிருந்து டீசல் கொடுங்கள், ரிட்டர்ன் குழாயையும் அதே கேனுக்குள் விடுங்கள். இப்படிச் செய்தால் கோளாறு இயந்திரத்திலா தொட்டியிலா என்பதும் தனியாகத் தெரிந்துவிடும். டீசல் குழாய்களில் உள்ள காற்றை வெளியேற்றி, கிராங்க் செய்யும்போது கடல்நீர் வால்வை மூடி வைத்து, பிடித்த நொடியில் திறந்துவிடுங்கள். வால்வுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்பது நல்லது.

ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுபோகும் ஜெனரேட்டர்களில் நிறைய, ஆயில் பிரஷர் சுவிட்சின் அல்லது வெப்பநிலை சுவிட்சின் கனெக்ஷன் அரித்ததால் நிற்பவை. கண்டுபிடிக்க அந்தச் சுவிட்சைத் தற்காலிகமாக விலக்கி, பிரஷரைத் தனி மீட்டரில் பார்த்துக்கொண்டே ஓட்டிப் பார்க்கலாம், அப்படியே விட்டுவிடக் கூடாது. ஓடத் தொடங்கியதும் வோல்ட்டோடு ஃப்ரீக்வென்சியையும் பாருங்கள். நான்கு துருவ இயந்திரம் 1500-ல் 50 ஹெர்ட்ஸ், 1800-ல் 60 ஹெர்ட்ஸ் தரும். இரண்டு துருவம் என்றால் 3000, 3600. ஏவிஆர் வோல்ட்டைச் சரியாகக் காட்டி ஏமாற்றும், வேகம் குறைந்திருந்தால் ஃப்ரீக்வென்சிதான் உண்மையைச் சொல்லும்.

உதிரிபாகம் கிடைக்காதே என்ற பயம் பாதிதான் நியாயமானது. பல கடல்சார் பிராண்டுகளின் பெயிண்டுக்குக் கீழே இருப்பது குபோட்டா, யான்மார், மிட்சுபிஷி போன்றவர்களின் தொழில்துறை இன்ஜின்தான். அடிப்படை மாடல் எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால் கேஸ்கட், ரிங், இன்ஜெக்டர் நாசில் எல்லாம் டிராக்டர் பாகம் விற்பவரிடமே கிடைக்கக் கூடும். கஷ்டம் வருவது படகுக்காகச் சேர்த்த பாகங்களில்: கடல்நீர் பம்ப், எல்போ, எக்ஸ்சேஞ்சர், கன்ட்ரோல் போர்டு. எல்போவைத் துருப்பிடிக்காத 316எல் ஸ்டீலில் வெல்ட் செய்து செய்வித்துக்கொள்ளலாம், போர்டுக்குப் பதில் பொதுவான கன்ட்ரோலரோ சில ரிலேக்களோ போதும். பம்பும் எக்ஸ்சேஞ்சரும் இரண்டுமே கிடைக்காமலும் சரிசெய்ய முடியாமலும் போனால்தான் நான் இந்த வழியைக் கைவிடுவேன்.

இரண்டாவது வழி, முழு ஓவர்ஹால், அதாவது இன்ஜினை முழுதாகப் பிரித்துச் சரிசெய்வது. இதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: பெரும்பாலான சின்ன ஜெனரேட்டர்களுக்கு இது வேண்டாம். பழைய படகுகளில் ஜெனரேட்டரின் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கும், அங்கேயே வைத்து இன்ஜினைப் பிரிக்க இடம் இருக்காது, வெளியே எடுத்தே ஆக வேண்டும். வெளியே எடுப்பதுதான் இந்த வேலையில் பெரிய பங்கு. அவ்வளவு பாடுபட்டு எடுத்து, போர் செய்து, ஸ்லீவ் போட்டு, இன்ஜெக்ஷன் பம்பையும் சரிசெய்து, பின்னால் அதே பழைய ஆல்டர்னேட்டரோடு அதே குழிக்குள் இறக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. விதிவிலக்கு இரண்டு சொல்லலாம். பெரிய, நல்ல பெயருள்ள, பாகம் தாராளமாகக் கிடைக்கும் இயந்திரம் என்றால் செய்யலாம். வேலையை நீங்களே செய்யத் தெரிந்தவர், நேரமும் இருக்கிறது என்றால் செய்யலாம். மற்றவர்களுக்கு, அடித்தளத்திலிருந்து தூக்க வேண்டும் என்றாகிவிட்டால் அதை மறுபடி இறக்கலாமா என்ற கேள்வியையும் அப்போதே கேட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, புதிது வைப்பது. வசதி, அமைதி, வாரண்டி எல்லாம் உண்மைதான். ஆனால் பழையதன் கிலோவாட் எண்ணை அப்படியே பார்த்து அதே அளவில் வாங்கிவிடாதீர்கள். அந்தப் படகைக் கட்டிய காலத்தில் குண்டு பல்பு, பழைய மாதிரி ஏசி, மின்சார அடுப்பு எல்லாவற்றையும் கூட்டி அந்த அளவை வைத்தார்கள். ஏசி கம்ப்ரஸர் கிளம்பும்போது ஓடும் கரண்ட்டைப்போலப் பல மடங்கு இழுக்கும், அந்த ஒரு கணத்துக்காகவே பெரிய ஜெனரேட்டர் வைக்க வேண்டியிருந்தது. இப்போது கம்ப்ரஸரை மெதுவாகக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் மாட்டினால் அந்தத் தாவல் அடங்கிவிடும், எல்இடி விளக்குக்குக் கணக்கே தேவையில்லை. டீசல் ஜெனரேட்டரைக் குறைந்த லோடில் ஓட்டுவது அதற்குக் கெடுதல். அதன் திறனில் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே நீண்ட நேரம் ஓடினால் எரியாத டீசலும் கரியும் படிந்து, சிலிண்டர் சுவர் கண்ணாடி போலப் பளபளத்து, ஆயில் தின்னத் தொடங்கும். அதனால் சின்னதாக வாங்கி நன்றாக உழைக்க வைப்பதே மேல். ஹேட்ச் வழியாக நுழையுமா, புகைக்குழாய் விட்டம் பொருந்துமா, அடித்தளத் துளைகள் ஒத்துவருமா என்பதை ஆர்டருக்கு முன்பே டேப் வைத்து அளந்துவிடுங்கள். இன்னொரு பழைய படகிலிருந்து கழற்றிய செகண்ட்ஹேண்ட் ஜெனரேட்டரை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை, லோடு கொடுத்து ஒரு மணி நேரமாவது ஓட்டிக் காட்டினால் ஒழிய. இல்லையென்றால் உங்களிடம் இருக்கும் அதே புதிரை இன்னொரு முறை வாங்குகிறீர்கள்.

நான்காவது வழிதான் இன்றைக்கு நிறையப் பேருக்குப் பொருந்துவது: ஜெனரேட்டரே வேண்டாம், லித்தியம் பேட்டரி, இன்வெர்ட்டர், மெயின் இன்ஜினில் பெரிய ஆல்டர்னேட்டர், கூரையில் சோலார். கணக்கு கடினமில்லை. 12.8 வோல்ட் 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி 2.56 யூனிட் வைத்திருக்கும், அதில் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம். ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். ஃப்ரிட்ஜ், விளக்கு, பம்ப், வழிகாட்டும் கருவிகள் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 2 யூனிட் இழுக்கும் படகென்றால், 400 வாட் சோலார் நல்ல வெயில் நாளில் அதில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். மீதியை 100 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் ஒன்று, மணிக்கு 1.4 யூனிட் வீதம், நங்கூரம் எடுத்துப் போகும் நேரத்தில் கொடுத்துவிடும். கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. லித்தியம் பேட்டரி முழு வேகத்தில் சார்ஜ் எடுத்துக்கொண்டே இருக்கும், சாதாரண ஆல்டர்னேட்டர் அதைத் தாங்காமல் சூடாகி எரிந்துவிடும். வெப்பநிலை சென்சார் உள்ள வெளி ரெகுலேட்டரோ, பேட்டரிக்குப் போகும் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜரோ அவசியம். பேட்டரியின் பாதுகாப்பு போர்டு திடீரென்று துண்டித்தால் ஆல்டர்னேட்டர் டயோடுகள் போய்விடும், அதற்கும் ஏற்பாடு வேண்டும்.

இந்த வழி எங்கே தோற்கிறது என்பதும் தெளிவு. இரவு முழுக்க ஏசி ஓடினால் 5 யூனிட்டுக்குக் குறையாமல் போகும், அதோடு மின்சார அடுப்பும் வாட்டர் ஹீட்டரும் சேர்ந்தால் பேட்டரியும் பேனலும் படகுக்குள் அடங்காது. ஏசி இல்லாமல் தூங்க முடியாதவர்கள் ஜெனரேட்டர் பக்கமே நில்லுங்கள், அதில் தவறில்லை. ஆனால் அப்படி ஒரு தேவை இல்லாதவர்கள், பழையதைக் கழற்றினால் கிடைக்கும் இடத்தையும் எடைக் குறைவையும் யோசித்துப் பாருங்கள். கடல்நீர் எடுக்கவும் புகை விடவும் படகின் அடியிலும் பக்கத்திலும் இருக்கும் இரண்டு ஓட்டைகளும் குறையும். அந்த ஓட்டைகளை வெறும் வால்வை மூடி விட்டுவிடாமல் முறையாக அடைத்துவிட வேண்டும், டீசல் குழாயையும் தொட்டி முனையிலேயே நிறுத்த வேண்டும்.

ஐந்தாவதாக ஒன்றைப் பலர் குறுக்கு வழியாகச் சொல்வார்கள்: கையில் தூக்கும் பெட்ரோல் ஜெனரேட்டரை வாங்கி மேல்தளத்தில் வைத்து ஓட்டுவது. வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, கீழே இறங்கி படகின் அடிப்பள்ளமான பில்ஜில் தேங்கும். அந்த ஜெனரேட்டர்கள் தீப்பொறி வெளியே வராதபடி படகுக்காகக் கட்டப்பட்டவையும் அல்ல. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அமெரிக்காவின் லேக் பவல் நீர்த்தேக்கத்தில் 2000-ஆம் ஆண்டு ஒரு படகு வீட்டின் பின்மேடைக்கு அடியில் தேங்கிய ஜெனரேட்டர் புகையால் சகோதரர்களான இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள். திறந்த வெளிதானே, காற்று அடித்துக்கொண்டு போய்விடும் என்று நினைக்கும் இடத்தில்தான் அது நடந்தது. எந்த ஜெனரேட்டர் வைத்தாலும், டீசலே ஆனாலும், படுக்கும் அறைகளில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும்.

ஆக, கையால் சுற்றும் இயந்திரமும் வாரக்கணக்கில் படகில் தங்கும் பழக்கமும் உள்ளவர் ரிப்பேர் செய்யுங்கள். சுற்றாத இயந்திரம், ஆனால் ஏசி தேவை என்றால் சின்ன அளவில் புதிது. எப்போதாவது ஓரிரு நாள் மட்டும் கிளம்புகிறவர், இயந்திரம் எந்த நிலையில் இருந்தாலும் பேட்டரிக்கு மாறுங்கள். நன்றாகச் சுற்றுகிறதே, தூக்கிப் போடுவதா என்று மனசு கேட்காது, தெரியும். அப்படியானால் அதை உண்மையில் ஓட்டக்கூடிய ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். எழுப்பி வைத்துக்கொள்கிறவர்கள் மாதம் ஒரு முறையாவது, வாட்டர் ஹீட்டர் போன்ற பெரிய லோடைக் கொடுத்து, முழுதாகச் சூடாகி ஒரு மணி நேரம் ஓடும்படி செய்யுங்கள். லோடு இல்லாமல் ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துவது ஓட்டாமல் இருப்பதைவிட நல்லதில்லை.

முடிவெடுக்க இன்னும் சில வாரம் ஆகும் என்றால், அதுவரை துரு காத்திருக்காது. கடல்நீர் வால்வை இன்றே மூடிவிடுங்கள், வாட்டர்லாக்கில் இருக்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள், இன்ஜெக்டர் துளைகள் வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, படகுக்குப் போகும்போதெல்லாம் ஸ்பேனரால் சில சுற்று சுற்றி வையுங்கள்.